நோன்புக் காலத்துத் தாகம்

2025 பெப்ரவரி 20, வியாழன்
உம்மாவுக்குக் காய்ச்சல். அதனால் என் அக்கா ரிஸ்கா ராத்தாவுடன் பதுளை கிளினிக்குக்கு நான் போனேன். ராத்தா பதினொரு வயதிலிருந்து இன்சுலின் ஏற்றுகிறாள். இனிப்பு தின்று வந்த நோய் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அப்படியில்லையாம். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்களே, இன்சுலின் சுரக்கும் அணுக்களை எதிரி என்றெண்ணி அழித்துவிடுகின்றனவாம். அப்படித் தவறும் இயல்பு பரம்பரையாக வரலாமாம்.

"அப்ப தம்பிக்கும் வருமா டொக்டர்?"

டொக்டர் ஆர்த்திகா யாழ்ப்பாணத்தவர். நிதானமாகச் சொன்னார்: "வரும் எண்டில்லை. கனபேருக்கு வராது. ஆனா மற்றப் பிள்ளையளை விடக் கூடப்பிறந்தவைக்குச் சாத்தியம் கூட. தாகம், அடிக்கடி சலம் கழிக்கிறது, மெலியிறது... கண்டா உடன கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஊர் திரும்பும் லுணுகலை பஸ்ஸில் வளைவுக்கு வளைவு தம்பி முன்ஸிபின் நினைவுதான். அவனுக்கு ஒன்பது வயது.

பெப்ரவரி 21
உம்மாவிடம் சொன்னேன். முகத்தைத் திருப்பாமல் வெங்காயம் அரிந்துகொண்டே, "இத வெளிய பேசாத மகள். பண்டாரவளையால ராத்தாவப் பாக்க வாராங்க. அவளுக்குச் சீனி வருத்தம் ஈக்கிறதே அவங்களுக்குத் தெரியா. நீ இன்னொண்டையும் சேக்கப் பாக்கிறாய்" என்றார்.

"தம்பிக்குச் சும்மா ஒரு டெஸ்ட்..."

"வாணாம்."

மறைத்துக் கல்யாணம் பேசலாமா? கேட்கத் தைரியம் வரவில்லை.

பெப்ரவரி 26
பள்ளிக்கூட நூலகத்தில் பரம்பரை அலகுகள் பற்றி வாசித்தேன். பிறகு வாப்பாவின் கடைக்குப் போய், சிறு வயதில் இறந்த அவர் தங்கை ஸுலைஹா மாமிக்கு என்ன நோய் என்று கேட்டேன்.

"கண்ணூறு எண்டாங்க. மெலிஞ்சி மெலிஞ்சிப் போனா."

"தாகம் இருந்திச்சா வாப்பா?"

வாப்பா மடித்துக்கொண்டிருந்த சாரத்தைக் கீழே வைத்தார். "எந்த நேரமும் பீலியடியில தண்ணி குடிச்சிக்கொண்டுதான் நிப்பா."

பிறகு அதே சாரத்தை எடுத்து முதலிலிருந்து மடித்தார்.

மார்ச் 2
முதல் நோன்பு. ராத்தாவை நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். முன்ஸிப் இந்த வருடம் முழு மாதமும் பிடிப்பானாம். உம்மாவுக்குப் பெருமை.

மார்ச் 9
நோன்பு திறந்ததும் முன்ஸிப் ஒரு ஜக் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தான். உம்மாவைப் பார்த்தேன். "நோன்பு புடிச்சா தாகம் வராம எனத்த வரும்?" என்றார்.

அதுவும் சரிதான். நானே ஜக்கை நிரப்பிக் குடித்து, மறுபடி நிரப்பிக் குடித்தேன். விடியுமுன் ஸஹரில் வயிறு முட்டக் குடித்தும், சுபஹ் தொழுது முடிவதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எல்லோரும் தாகத்தில் இருக்கும் மாதத்தில் அவனுடைய தாகத்தை மட்டும் எப்படிப் பிரித்தறிவது?

மார்ச் 14
சீருடை இடுப்பில் நிற்கவில்லை, ஊக்குக் குத்திக்கொண்டு போனேன். வகுப்பில் பர்ஸானா சிரித்தாள். "நோன்புல நீ மட்டும்தான்டி மெலியிறாய். எனக்குக் கஞ்சியும் சமோசாவும் அப்படியே இடுப்புல நிக்குது."

முன்ஸிபின் காற்சட்டையைப் பார்த்தேன். தளரவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

மார்ச் 19
கரும்பலகை மங்கலாகத் தெரிகிறது. அதிகம் வாசிக்கிறேன் போலும். பெருநாளுக்குப் பிறகு வாப்பாவிடம் கண்ணாடி கேட்க வேண்டும்.

மார்ச் 23, ஞாயிறு
பண்டாரவளையிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் நோன்பு திறக்க, இப்தாருக்கு வந்தார்கள். ராத்தா நோன்பாளி மாதிரியே அவர்களோடு உட்கார்ந்திருந்தாள். பாங்கு சொல்ல இன்னும் நேரமிருந்தது. அவள் நெற்றி வியர்த்தது, விரல்கள் நடுங்கின. சீனி குறைகிறது என்று எனக்குத் தெரிந்தது. எழுந்தேன். உம்மாவின் பார்வை என்னை உட்கார வைத்தது. பாங்கு சொன்னதும் ராத்தா பேரீச்சம்பழத்தை எடுத்தாள், அது கையிலிருந்து நழுவி விழுந்தது.

"புள்ளக்கி வெக்கம்" என்றார் மாப்பிள்ளையின் உம்மா.

அத்தனை பேர் இருந்தும் முன்ஸிப் இரண்டு தடவை எழுந்து பாத்ரூம் போனான்.

மார்ச் 24
இனிப் பொறுக்க ஏலாது. மாலை மஃரிபுக்குப் பிறகு ராத்தாவின் சீனி பார்க்கும் மெஷினை எடுத்து முன்ஸிபின் விரலில் குத்தினேன். 104. சரி. அவனுக்கு ஒண்டுமில்ல. அழுகை வந்தது.

அவன் மெஷினைப் பிடுங்கிக்கொண்டான். "இப்ப உங்கட விரல்."

"எனக்கு எனத்துக்குடா?"

"எனக்கு மட்டும் குத்துவீங்களா? நீங்களும் நோன்புதானே."

நியாயம்தான். நீட்டினேன்.

412.

கை கழுவல்ல, அதான். பேரீச்சம்பழம் தின்ட கை. கழுவிட்டு மறுபடி குத்தினேன்.

409.

தாகம், மெலிவு, கண் மங்கல். எல்லாத்தையும் நானே இங்க எழுதி வெச்சிருக்கேன். அவனைப் பாத்துப் பாத்து... என்னைப் பாக்கவே இல்லையே.

மார்ச் 25
ராத்தாதான் உம்மாவிடம் சொன்னாள். உம்மா உடனே அபாயாவை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

மார்ச் 31, பெருநாள்
பதுளை, வார்ட். ஜன்னலுக்கு வெளியே மழை. ராத்தா கற்றுத் தந்தபடி இன்று நானே ஊசி ஏற்றினேன்.

உம்மா பண்டாரவளைக்கு அழைத்துச் சொல்லிவிட்டாராம். "எண்ட ரெண்டு மகளுக்கும் ஈக்குது. விருப்பமெண்டா வாங்க." அதன்பின் அங்கிருந்து அழைப்பு வரவில்லை. ராத்தா மட்டும் இலேசாகிவிட்டவள் போல் இருக்கிறாள்.

முன்ஸிபின் 104 என்பது அன்றைய நிலை மட்டும்தான் என்றார் டொக்டர் ஆர்த்திகா. அணுக்கள் அழியத் தொடங்கினால் அதன் அடையாளம் இரத்தத்தில் முன்னதாகவே தெரியுமாம். முன்ஸிபின் இரத்தம் கொழும்புக்குப் போயிருக்கிறது. எடுக்கும்போது உம்மாதான் அவன் கையைப் பிடித்திருந்தார்.

மாலையில் முன்ஸிப் புதுச் சட்டையோடு வந்தான். மற்றக் கட்டில்காரர்களுக்கு வட்டிலப்பம் கொடுத்தான். பிறகு என் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து குடிக்க ஆரம்பித்தான்.

உம்மா பேச்சை நிறுத்தினார். ராத்தாவும். அவன் போத்தலைக் கீழே வைக்கும்வரை மூவரும் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.