திருப்பிப் போட்ட பந்தி

வைகாசி, ஞாயிறு இரவு

பெண் வீட்டுக்குக் கல்யாண ஆல்பம் கொண்டுபோனேன். பக்க அமைப்புக்குப் பொருந்தட்டும் என்று பந்திப் படத்தை இடவலமாகத் திருப்பியிருந்தேன். எப்படிக் கவனிக்காமல் விட்டேனோ.

பெண்ணின் அம்மா கண்டுபிடித்துவிட்டார். "என்னங்க, பந்தியே பீச்சாங்கையால சாப்பிடுது? இவரு மட்டும் சோத்தாங்கையில..." கணவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவர் பிறவியிலேயே இடக்கைக்காரர். பீங்கான் கம்பெனியில் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுகிறவர். விசேஷ வீடுகளில் யார் கண்ணிலும் படாமல் சுவரோரமாக உட்கார்ந்து சாப்பிடுவாராம்.

"மாத்திக் குடுத்துடறேங்க" என்றேன்.

கணவர் படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேணாம் தம்பி. ஒரு வாட்டியாவது அவங்க பீச்சாங்கையில சாப்பிடட்டும்."

அவர் சிரிக்கவில்லை.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது, சோற்றில் எந்தக் கையை வைப்பதென்று ஒரு நொடி தயங்கினேன்.