ஃப்ராஸ்டியின் கடைசிக் குட்டி

செப்டம்பர் 4

அறுபத்துநான்கு வயதும் பதினொரு பற்களும் உடைய டூகல் மெக்காஸ்கில் ஆகிய நான், முழு சுயநினைவோடு உறுதி கூறுகிறேன்: இந்த நோட்டில் இனி நான் எழுதப்போவதை ஒருத்தரும் நம்பமாட்டார்கள். நானே நம்பமாட்டேன். எழுதுகிற கை பாதியில் எழுந்து வெளியே போய்விட்டாலும் ஆச்சரியமில்லை.

இன்று காலை உறைபனி. பசு விட்ட மூச்சு தரையில் விழுந்து உடைந்தது. எங்கள் குதிரை ஃப்ராஸ்டியைப் புதைத்த மேட்டைச் சுற்றிப் புல் சீனி போட்ட மாதிரி வெள்ளை. அதன்மேல் குளம்புத் தடம், மேட்டிலிருந்து வேலி வரைக்கும். ஒரே பக்கத்து முன்காலும் பின்காலும் சேர்ந்து விழுகிற நடை. எங்கள் பந்தயக் குதிரைகளின் நடை.

அந்த வயலில் பிப்ரவரியிலிருந்து ஆடுகள் மட்டும்தான். ஆட்டுத் தடம் என்றே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 9

எழுதித் தொலைத்தால் தடம் வருவது நிற்குமோ என்னவோ.

லேட் ஃப்ராஸ்ட், எங்களுக்கு ஃப்ராஸ்டி, என் அண்ணன் ஆர்ச்சி வளர்த்த பெட்டைக் குதிரை. அவள் ஓடுகிறபோது பின்னால் வண்டியில் உட்கார்ந்து ஓட்டுகிறவனின் மீசை மறுநாள்தான் வந்து சேரும். இன்வர்கார்கில் ஓடுதளத்தில் அவள் கிளப்பிய காற்றில் மூன்று பாதிரிமார் தொப்பி இழந்தார்கள். ஆர்ச்சி செத்த பிறகு ஃப்ராஸ்டி அவன் மகள் ரோனாவுக்கு வந்தாள். ஆனால் முதல் பிரசவத்திலேயே குட்டியையும் இழந்து உள்ளே கிழிந்துபோனவள், இனி சுமக்க முடியாது. அதனால் குதிரை டாக்டர் ஹேமி வந்தான். பெட்டைக்கு விதை போட்டு, ஏழாம் எட்டாம் நாள் கருவைக் கழுவி எடுத்து, வேறொரு பெட்டையின் வயிற்றில் வைப்பது. மூன்று தடவை கழுவினான். இரண்டு தடவை வெறும் தண்ணீர். மூன்றாவதில் ஒன்று. ஊசிமுனை அளவு.

அதைச் சோஃபாவின் வயிற்றில் வைத்தான். சோஃபாவும் பந்தயக் குடும்பத்துப் பெண்தான். அவள் வாழ்க்கையில் முந்தியது ஆம்புலன்ஸ் ஒன்றைத்தான், அதுவும் நின்றுகொண்டிருந்தது.

பிப்ரவரியில் குடல் முறுக்கி ஃப்ராஸ்டி செத்தாள். ஆக, சோஃபாவின் வயிற்றில் இருப்பதுதான் மிச்சம். ஆர்ச்சியின் முப்பது வருஷமும் அந்த வயிற்றில்தான். ரோனா அதை ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. தினமும் அந்த வயிற்றில் காது வைத்துக் கேட்கிறாள்.

இப்போது பிஷப். பெட்டைகள் பருவத்தில் இருக்கின்றனவா என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மோந்து பார்த்துச் சொல்கிற பொலிகுதிரை. காதல் உண்டு, கல்யாணம் கிடையாது. போன நவம்பரில், கரு வைப்பதற்கு ஒரு வாரம் முன்னால், அந்த மகா அயோக்கியன் கேட் சங்கிலியைப் பல்லால் கழற்றிவிட்டு உள்ளே போய்விட்டான். நான் பார்த்தபோது சோஃபாவை விட்டு இறங்கிக்கொண்டிருந்தான். முகத்தில் ஆசீர்வாதம் செய்து முடித்த சாந்தம்.

ஹேமியிடம் சொல்லியிருந்தால் கருவை வேறு பெட்டையில் வைத்திருப்பான். வரிசையில் நாலு பேர் நின்றார்கள். நான் சொல்லவில்லை.

பதினைந்தாம் நாள் படம் எடுத்தபோது உள்ளே ஒன்று தெரிந்தது. ஒன்றே ஒன்று. எது? ஃப்ராஸ்டியின் கருவா, பிஷப்பின் வேலையா?

செப்டம்பர் 21

சத்தம். ஓட்டத்தில் கால் மாறாமல் இருக்க மாட்டுகிற கால்வார் உரசுகிற சத்தம், க்ரீச் க்ரீச் என்று, மூடுபனிக்குள். காலை ஏழு மணி. சேணக் கொட்டகையில் போய்ப் பார்த்தேன். ஃப்ராஸ்டியின் கால்வார் ஆணியில் தொங்குகிறது. காய்ந்து விறைத்து. அடியில் மட்டும் ஈரம்.

அக்டோபர் 3

ரோனா சமையலறையில் சீஸ் ரோல் சுட்டாள். ஹேமி நின்றபடியே ஆறு தின்றான்.

“சோஃபா எப்படி, ஹேமி?”

“இன்னும் நாலு வாரம். மடி இறங்க ஆரம்பிச்சிடுச்சு. உன் சித்தப்பாவுக்குத்தான் பிரசவ வலி வந்த மாதிரி இருக்கு, மூஞ்சியப் பாரு.”

“சித்தப்பா, தூங்கறீங்களா இல்லையா?”

“தூக்கமா? நான் படுத்தா இந்த மாவட்டமே ஆடுது. அக்கம்பக்கத்துல புகார் குடுக்கறாங்கம்மா. அதான் விட்டுட்டேன்.”

சிரித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “பெட்டையா பொறந்தா போதும். அப்பாவோட வரிசை நின்னுடாது. அது போதும் எனக்கு.”

சீஸ் ரோல் எனக்குத் தொண்டையில் நின்றது. நிஜமாகவே நின்றது. ஹேமி முதுகில் குத்தினான். குதிரைக்குக் குத்துகிற குத்து.

அக்டோபர் 18

சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேனா?

மத்தியானம், மூன்று பேரும் வேலியில் சாய்ந்து நின்றோம். சோஃபா மேய்ந்துகொண்டிருந்தாள். மூடுபனி இல்லை, சத்தம் இல்லை, நல்ல வெயில். இப்போது சொல், டூகல். வாயைத் திறந்தேன். திறந்த வாயிலிருந்து வழக்கமாக வருவதே வந்தது.

“ரோனா, ஒரு விஷயம். போன நவம்பர்ல நம்ம பிஷப் பல்லாலயே சங்கிலியக் கழட்டி, காலைத் தொடச்சுக்கிட்டு, சோஃபா முன்னாடி முட்டி போட்டு...”

“மோதிரம் வெச்சிருந்தானா?” என்றான் ஹேமி.

“இருந்துச்சு” என்றேன். நாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. “சாட்சிக் கையெழுத்து கூட நான்தான் போட்டேன்.”

ரோனா வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஆர்ச்சி செத்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. “ஐயோ சித்தப்பா, வயிறு வலிக்குது, நிறுத்துங்க.”

நிறுத்தினேன்.

அவள் சிரிப்புக்குப் பின்னால், வேலிக்கு அப்பால், க்ரீச். அவளுக்கு அது கேட்கவில்லை. ஹேமி மட்டும் திரும்பிப் பார்த்தான். “கேட்டுக்கு எண்ணெய் போடு, டூகல்” என்றான். கேட் அசையவில்லை.

நவம்பர் 1

பிறந்தது. காலை பத்து மணிக்கு, பட்டப்பகலில், தபால்காரர் பார்க்க. பெட்டை. கருஞ்சிவப்பு. நெற்றியில் வெள்ளைப் பொட்டு.

“ஃப்ராஸ்டி பொட்டு!” ரோனா சேற்றில் உட்கார்ந்து அழுதாள்.

பிஷப்புக்கும் நெற்றியில் வெள்ளை உண்டு. ஐந்நூறு குதிரையில் இருநூறுக்கு உண்டு. நான் என்னத்தைச் சொல்ல.

நவம்பர் 8

ஹேமி குட்டியின் பிடரியிலிருந்து வேரோடு முப்பது மயிர் பிடுங்கி உறையில் போட்டான். கரு மாற்றிப் பிறந்ததற்கு இது கட்டாயம். பதிவேட்டில் பெயர் ஏற வேண்டுமானால் அம்மா அப்பா யாரென்று அந்த மயிர் சொல்லவேண்டும்.

உறையை ஜீப்பின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தான். நான் பக்கத்தில் நின்றேன். கை நீட்டினால் எட்டும். நீட்டினேன். உறை சில்லென்று இருந்தது, பனிக்கட்டியைத் தொட்ட மாதிரி. வெயிலில் கிடந்த உறை! எடுக்காமல் விட்டேன். பயம்தான், நல்ல குணம் ஒன்றும் இல்லை.

நவம்பர் 19

குட்டி முதல்முறை முழு வயலும் ஓடியது. ஒரே பக்கத்துக் கால்கள் சேர்ந்து, யாரும் சொல்லித்தராமல், தண்ணீர்மேல் போகிற மாதிரி. ரோனா என் கையை இறுக்கினாள்.

“அவதான் சித்தப்பா. அவளேதான்.”

நான் பார்த்தது வேறு. குட்டி தனியாக ஓடவில்லை. அதற்கு இடப்பக்கம் ஒரு குதிரை அகலத்துக்குப் புல் மடங்கிக்கொண்டே போனது. மேட்டின் அருகே குட்டி நின்றது. மடங்கிய புல் குட்டியைச் சுற்றி வந்தது, ஒரு சுற்று, தலையிலிருந்து வால் வரைக்கும் மோந்து பார்க்கிற மாதிரி. பிறகு விலகிப் போய்விட்டது. கூட்டிக்கொண்டு போகவில்லை.

ஒரு தாய்க்குத் தெரியாதா?

அதற்குப் பிறகு தடம் இல்லை, சத்தமும் இல்லை. இருந்தபோது இருந்ததைவிட இது மோசமாக இருக்கிறது.

டிசம்பர் 11

மயிர்ச் சோதனை முடிவுக் கடிதம் வந்தது. தாய்: லேட் ஃப்ராஸ்ட் அல்ல.

ரோனா மூன்று தடவை படித்தாள். மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவிவிட்டாள், சுருக்கம் போனால் எழுத்தும் மாறிவிடும் என்பதுபோல. ஹேமியின் முகம் சாம்பலாகிவிட்டது. தன் கைப்பிழை என்று நினைக்கிறான். “மாத்தி வெச்சிருப்பேனா? இருந்ததே ஒண்ணு. எப்படி மாத்துவேன்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோனா மெதுவாகத் தலை நிமிர்ந்தாள். “சித்தப்பா. அன்னிக்கு வேலியில நின்னு பிஷப் பத்தி ஒரு கதை சொன்னீங்களே.”

“ஆமாம்மா.”

“நான் சிரிச்சேனே.” அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள். “நீங்க சொல்ல வந்தீங்க, நான் சிரிச்சுட்டேன்.”

தப்பைத் தன் தலையில் எடுத்து வைத்துக்கொள்கிறாள். நான் அப்போதும் எழுந்து பேசவில்லை. ஒரு முழு நாள் அவளை அப்படியே விட்டேன். இந்த ஊரில் என்னைவிடக் கேவலமான பிராணி சேற்றுக்கு அடியில்கூட இல்லை. இதில் மிகை எதுவும் கிடையாது.

டிசம்பர் 12

சொன்னேன். நகை நட்டு இல்லாமல். கொட்டகையில், அவள் சாணம் வாரிக்கொண்டிருந்தபோது.

பேச ஆரம்பித்ததும் மண்வெட்டி நின்றது. நான் முடித்தேன். நாலே வாக்கியம்தான். என் வாழ்நாளில் சொன்னதிலேயே சின்னக் கதை. அவள் மண்வெட்டியைச் சுவரில் சாத்தினாள்.

“அன்னிக்கே இந்த மாதிரி சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்” என்றாள்.

“தெரியும்மா.”

“ஹேமிகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க. அந்த மனுஷன் சாப்பிடாம இருக்கான்.”

போனேன். சொன்னேன். அவன் ஜீப்பில் ஏறினான். கதவைச் சாத்தினான், கண்ணாடி அதிர.

டிசம்பர் 20

பிஷப் பதிவில்லாதவன், அதனால் குட்டிக்குப் பந்தயப் பதிவேட்டில் இடமில்லை. வின்டன் பக்கம் ஒரு குடும்பம் சவாரிக்கு வளர்க்கக் கேட்டிருக்கிறது, பால் மறந்ததும் போகும். ரோனா அதற்குப் பிரஷ் போடுவதை இன்னும் நிறுத்தவில்லை. பொட்டு இருக்கிற இடத்தில் மட்டும் வேகமாகக் கையை எடுத்துவிடுகிறாள்.

இன்று காலை மேட்டுப் பக்கம் போய் அரை மணி நின்றேன். பனி இல்லை, உலகத்தின் இந்தத் தென்கோடியில் டிசம்பர் நல்ல கோடை. ஆடுகள் மேய்ந்தன. ஒன்றும் வரவில்லை.

திரும்பி வந்தபோது ரோனா முற்றத்தின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டாள். வாளி எடுத்து வரச்சொல்லி. “சித்தப்பா” என்று இல்லை. “டூகல்” என்று. அவள் பிறந்த நாளிலிருந்து முதல் தடவை. எடுத்துப் போனேன்.

இந்த நோட்டில் உள்ளதை யாரும் நம்ப வேண்டாம். முன்பு நான் எழுதினதில் பிஷப்பின் பல், வண்டி ஓட்டுகிறவனின் மீசை, மூன்று பாதிரிமாரின் தொப்பி எல்லாம் என் கைச்சரக்கு. தடத்தையும் மடங்கின புல்லையும் பற்றி எனக்கே சத்தியம் செய்யமுடியாது. சின்னதாக ஒன்று மட்டும் நிஜம். பிஷப் உள்ளே போன அன்று தீவன லாரிக்காரனிடம் ஃப்ராஸ்டி பற்றி ஒரு கதை அளந்துகொண்டே வெளியே வந்தேன். அவன் சிரித்தான், நான் இன்னும் கொஞ்சம் சேர்த்தேன். கேட்டைத் திறந்தது நான். சங்கிலியைப் போடாமல் போனதும் நான்.