தூறலுக்குக் காத்திருந்த சொல்

சம்பந்தியம்மா,

இன்று காலை கடுகு டப்பா என்று நினைத்து வேறொன்றைத் திறந்துவிட்டேன். கருஞ்சீரக வாசனை முகத்தில் வந்து மோதியது. நீங்கள் கட்டக்கிலிருந்து அனுப்பிய ஐந்து விதைத் தாளிப்பு. அடுப்பில் எண்ணெய் புகைந்துகொண்டிருக்க, நான் டப்பாவைக் கையில் வைத்தபடி உங்கள் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். "என்ன புள்ள, கருகற வாசம் வருது?" என்று வெளியிலிருந்து வீட்டுக்காரர் சத்தம் போட்ட பிறகுதான் கம்பைநல்லூருக்குத் திரும்பினேன்.

உங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஒடியா தெரியாது. ஆனாலும் இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். நாம் பேசிய இங்கிலீஷில் இவ்வளவு நீளத்துக்கு எழுத எனக்கு இன்னும் வராது.

தீர்த்தமலையில் நம் பிள்ளைகளின் கல்யாணம் நடந்தபோது நீங்கள் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. பெங்களூரில் வேலை செய்த இடத்தில் என் மகள் பார்த்துப் பிடித்த மாப்பிள்ளை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் என் பெண் போய் வாழப்போவது உங்கள் வீட்டில். "அந்தம்மாவுக்கு எம்மாந் தலக்கனம் பாருங்க" என்றேன் வீட்டுக்காரரிடம். "தலக்கனமில்ல, பாஷ இல்ல. உனக்குந்தான் இல்ல" என்றார் அவர். அப்போதுதான் நீங்கள் என் தலையிலிருந்த கனகாம்பரத்தைத் தொட்டு "நைஸ்" என்றீர்கள். நானும் உங்கள் சேலையைத் தொட்டு "நைஸ்" என்றேன். அன்று முழுவதும் அந்த ஒரு சொல்லை வைத்தே ஒப்பேற்றினோம். மலை நைஸ், பாயசம் நைஸ், மாப்பிள்ளை நைஸ்.

ஊருக்குப் போனதும் போனில் கூப்பிட்டு, "நைஸ் ஃபினிஷ். நியூ வேர்ட் ப்ளீஸ்" என்றீர்களே, அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உங்களைப் பிடித்துப்போனது. அதிலிருந்து தினமும் ஒரு சொல். ஒரு நாள் நீங்கள் கொடுக்க வேண்டும், மறுநாள் நான். இரண்டு வீட்டிலும் அடுப்பை அணைத்துவிட்டு ஓய்ந்து உட்காரும் நேரத்தில் போன் வரும். நான் சொல் தேடாத இடமில்லை. விதைப் பொட்டலம், மருந்து அட்டை, பஸ்ஸின் முதுகு. "உர மூட்டையப் படிச்சிக்கிட்டு நிக்கிறா" என்று என் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அர்த்தத்தை எந்த மொழியில் சொல்லி விளக்குவது? அதனால் போனைத் திருப்பிப் பொருளைக் காட்ட வேண்டும். கண்ணுக்கு முன்னால் இருந்தால்தான் சொல் செல்லும். விலை விழுந்து கொட்டிக் கிடந்த தக்காளிக் குவியலைக் காட்டி, "டொமேட்டோ அபண்டன்ட், பையர் ஆப்சென்ட்" என்றேன். நீங்கள் சிரித்து முடித்து, உடனே "சேட், சேட்" என்றீர்கள். அந்த இரண்டு சொல்லில் எனக்குக் கிடைத்த ஆறுதலை உறவுக்காரர்கள் யாரும் கொடுக்கவில்லை.

ஒருமுறை உங்கள் ஜன்னலில் மெல்லிய மழையைக் காட்டி "ட்ரிஸ்ஸில்" என்றீர்கள். பதிலுக்குக் காட்ட என்னிடம் வெயில்தான் இருந்தது. அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி திரிந்தேன். துணி துவைக்கும்போதும் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போதும் அது எனக்குள் விழுந்துகொண்டே இருந்தது. அது விழும் இடம் உங்கள் ஊரா, எங்கள் ஊரா என்று தெரியாது. பிறகொரு பிற்பகலில் வாசலில் புளி காய்ந்துகொண்டிருந்தபோது நிஜமாகவே தூறியது. நான் போனைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"ஏ புள்ள, புளி நனையுது! எங்க ஓடற?"

"ட்ரிஸ்ஸிலுங்க!" என்று கத்தினேன். அவர் ஒன்றும் புரியாமல் தனியாகச் சாக்கை இழுத்துப் புளியை மூடினார். போனுக்குள் நீங்கள் குழந்தை மாதிரி கைதட்டினீர்கள்.

இத்தனை சொல்லையும் நான் எதற்குச் சேர்த்தேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். கேட்க ஒரு கேள்வி இருந்தது. என் மகளிடம் கேட்டால், "நல்லாருக்கேம்மா" என்பாள். உடம்பு சரியில்லாத நாளிலும் அதையேதான் சொல்வாள். அவளை நீங்கள் மகளாக வைத்திருக்கிறீர்களா, மருமகளாக வைத்திருக்கிறீர்களா? அது தெரியாமல் எனக்குத் தூக்கம் பிடிக்காது. ஒரு நாள் துணிந்து, "யூ, மை டாட்டர், அஃபெக்ஷன்?" என்றேன். நீங்கள் போனை இப்படியும் அப்படியும் திருப்பி, "ஹௌ டு ஷோ?" என்றீர்கள். இருவரும் சிரித்தோம். ஆனால் அந்த முள் எனக்குள்ளேயே கிடந்தது.

அப்புறம் ஒரு காலையில் உங்கள் போனிலிருந்து மாப்பிள்ளை பேசினார். உங்களுக்கு நெஞ்சு வலி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார். நாங்கள் வந்து சேர்வதற்குள் காரியங்கள் எல்லாம் ஆகிவிட்டன. உங்கள் கட்டிலருகே தரையில், உங்கள் பழைய சேலை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு என் மகள் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து தோளில் விழுந்தாள். "போவு, போவு" என்று தொடங்கி, மூச்சு விடாமல் ஒடியாவிலேயே ஏதேதோ சொல்லி அழுதாள். கட்டிப்பிடித்திருப்பது தமிழ் மட்டுமே தெரிந்த அம்மாவை என்பதையே அவள் மறந்துவிட்டாள். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. போவு என்றால் உங்கள் பக்கத்தில் அம்மா என்று மாப்பிள்ளைதான் பிறகு சொன்னார். என் கேள்விக்குப் பதில் என் தோளையே நனைத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலும், சம்பந்தியம்மா, எனக்கு உங்கள் மேல் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது.

இப்போதும் தினம் ஒரு சொல் படிக்கிறேன். சில நாள் மாட்டிடம் சொல்கிறேன். சில நாள் நீங்கள் கனவில் வருகிறீர்கள். நாம் தடையில்லாமல் பேசிக்கொண்டே போகிறோம், எந்த மொழி என்று விழித்ததும் நினைவில் இருப்பதில்லை.

நம் நேரத்துக்கு இப்போது மகள் கூப்பிடுகிறாள். அசதியான நாட்களில், தன்னை அறியாமல், "போவு" என்று ஆரம்பித்துவிடுகிறாள். நான் திருத்துவதில்லை. "சொல்லு கண்ணு" என்கிறேன்.