கீழ்த்தெரு வெள்ளச் சங்கை நிறுத்திவைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கீழ்த்தெருக் குடியிருப்போர் சார்பில்,
ஐஸ் ஆலையில் மீன் தரம் பிரிப்பவரின் தங்கை,
தற்காலிக அறிவியல் ஆசிரியை,
கீழ்த்தெரு, ஏரிக்கரை.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
வெள்ள முன்னெச்சரிக்கைத் திட்டப் பிரிவு,
நீர்வள அலுவலகம்.

பொருள்: திடீர் வெள்ள எச்சரிக்கைச் சங்கு – ஒத்திகையில் மக்கள் ஓடிய திசை – ஒலியும் இடமும் மாற்றப்படும்வரை சங்கின் இணைப்பைத் துண்டித்து வைக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: "ஒத்திகை முழு வெற்றி" எனத் தங்கள் அலுவலகம் கீழ்த்தெருவில் ஒட்டியுள்ள அறிவிப்பு.

மதிப்புக்குரிய அம்மையீர், வணக்கம்.

1. எச்சரிக்கைச் சங்கு வேண்டும் என்று தங்கள் அலுவலகப் படிகளில் வந்து நின்றவர்கள் நாங்கள். அதை நிறுத்துங்கள் என்று இப்போது எழுதுபவர்களும் நாங்களே. இது விசித்திரமாகத் தோன்றும் என்பதை அறிவேன். இறுதிவரை படித்துவிட்டு முடிவெடுக்க வேண்டுகிறேன்.

2. எங்கள் ஏரிக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டுதான். கோடையில் கடல் அதை மேலும் அடைத்துவிடும். மலையில் மழை பெய்தால் ஆறு மொத்தமும் ஏரிக்குள் இறங்கும். வெளியேற வழியில்லாத நீர் தெருவுக்குள் ஏறும். மலை எங்கள் கண்ணுக்குத் தெரியாது. அங்கே பெய்யும் மழையும் தெரியாது. ஆகவே எங்கள் வெள்ளம் பல நேரம் வெயிலில் வருகிறது.

சென்ற ஆண்டும் அப்படித்தான். கொடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. என் அக்காவின் கணவர் படகு பழுது பார்ப்பவர். கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த ஒரு படகின் அடியில் படுத்துத் தார் பூசிக்கொண்டிருந்தார். படகு மறுநாள் கிடைத்தது. அவர் அதற்கும் மறுநாள்.

தங்கள் அலுவலகப் படிகளில் முதலில் வந்து நின்றவர் அக்கா.

3. தாங்கள் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்தீர்கள். மேசை போட்டும் அதன் பின்னால் உட்காராமல் எங்களோடு பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். தெரு அதை இன்னும் பேசுகிறது. தாங்கள் கேட்ட கேள்வி இது: "எந்தச் சத்தம் கேட்டா, கையில என்ன வேலை இருந்தாலும் போட்டுட்டு வெளிய வருவீங்க?"

பதில் சொன்னவர் அக்காதான். "ஐஸ் பேக்டரி சங்குதான் இன்ஜினியரம்மா. குளிச்சிட்டிருந்தாக்கூட சோப்பு நுரையோட ஓடி வருவோம்." எதிர்வீட்டில் தையல் மிஷின் வைத்திருக்கும், நாங்கள் எல்லோரும் டெய்லர் என்றே கூப்பிடும் பெண் எழுந்து, "நுரையை நானே பாத்திருக்கேன், சாட்சி சொல்றேன்" என்றார். அறையே சிரித்தது. தாங்களும் சிரித்தீர்கள். கணவர் இறந்த பிறகு அக்கா சிரித்ததை நான் அன்றுதான் பார்த்தேன். ஒருவேளை அதனால்தான் அந்தப் பதிலை யாரும் மறுபடி யோசிக்கவில்லை.

4. ஐஸ் ஆலைச் சங்கு என்பது என்ன என்று இங்கே விளக்க வேண்டும். படகுகள் மீனோடு துறைக்கு வந்ததும் அது ஊதும். துறையில் முதலில் வந்து தரம் பிரிக்கும் மேசையில் இடம் பிடித்தவர்களுக்குத்தான் அன்றைக்கு வேலை. பிந்தியவர்கள் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டும். அதனால் நடப்பதில்லை, ஓடுகிறோம். அக்கா பள்ளிப் படிப்பை நிறுத்திய வயதிலிருந்து ஓடுகிறார். அம்மாவும் ஓடியவர்.

தாங்கள் கேட்டது, எதற்கு வெளியே வருவீர்கள் என்று. வந்த பின் எந்தப் பக்கம் என்று தாங்கள் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. சொல்வதற்கு அப்படி ஒன்று இருப்பதாகவே எங்களுக்குத் தோன்றவில்லை. சங்கு என்றால் துறை. துறை என்றால் ஏரி.

5. புதிய சங்கு ஐஸ் ஆலையின் கூரையிலேயே பொருத்தப்பட்டது. கரையில் உயரமான கூரை அதுதான் என்பதால். ஒலியும் ஆலைச் சங்கின் ஒலியே. சற்று நீளமாக ஊதும், அதை வைத்து வேறுபாடு அறியலாம் என்று விளக்கக் குறிப்பில் இருந்தது. நீளம் தெரிவதற்குள் தெரு காலியாகிவிடுகிறது.

6. ஒத்திகை நாளன்று காலை முழுவதும் ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்புச் செய்தோம். சங்கு கேட்டதும், ஏரிக்கு எதிர்ப்பக்கம் உயரத்தில் இருக்கும் ரயில் மேட்டுக்குப் போக வேண்டும் என்று. என் வகுப்புப் பிள்ளைகள் அம்புக்குறி போட்டுப் படம் வரைந்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். நான் பச்சைச் சட்டை மாட்டிக்கொண்டு ரயில் மேட்டில் நின்றேன். வருபவர்களை எண்ணுவது என் பணி.

சங்கு ஊதியது. கதவுகள் திறந்தன. தெரு நிறைந்தது. பிறகு மொத்தத் தெருவும் எனக்கு முதுகைக் காட்டி ஓடியது.

நான் மேலே தனியாக நின்றேன்.

கீழே இறங்கிப் போனபோது துறையில் எல்லோரும் இருந்தார்கள். கையுறை மாட்டி, கூடையோடு. அறிவிப்புச் செய்த ஆட்டோக்காரர்கூட மைக்கோடு அங்கே நின்றார், மீன் கூடை சவாரி கிடைக்கும் என்று வண்டியைத் திருப்பியிருக்கிறார். அக்கா தன்னார்வலர் பட்டையைக் கையில் கட்டியபடி, நீரைத் தொடும் கடைசிப் பலகையில் நின்றார். அவர்தான் முதலில் வந்தவர்.

என்னைப் பார்த்ததும் அவரே சொன்னார்: "ஒத்திகைன்னு எனக்கு நல்லாத் தெரியும்டி. காதுக்குத் தெரிஞ்சுது. காலுக்குத் தெரியல."

முதலில் எல்லோரும் சிரித்தோம். டெய்லர், "நம்ம சாவுக்கு நாமளே இடம் பிடிக்க ஓடி வந்திருக்கோம்" என்றார். அதற்கு மேல் சிரிப்பு வரவில்லை. அந்தப் பலகையிலிருந்து பார்த்தால் சென்ற ஆண்டு படகு நின்ற இடம் தெரியும்.

7. தங்கள் அறிவிப்பு, வீட்டைவிட்டு வெளியே வந்தவர்களை எண்ணியிருக்கிறது. அந்த எண்ணிக்கை சரி. தெருவின் நடுவில் வைத்த கேமராவுக்கு மக்கள் ஓடுவது மட்டுமே தெரியும். இதில் யாரையும் குறைகூற நான் எழுதவில்லை. எண்ணும்படி சொல்லப்பட்டதைத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

8. இதைத் தங்கள் உதவிப் பொறியாளரிடம் நேரில் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். ஆலைச் சங்கை நிறுத்திவிட்டு, வேலைக்குக் கூப்பிட போன் செய்தி அனுப்பச் செய்யலாம் என்றார். ஆலையும் சம்மதிக்கும் என்றார். நல்லெண்ணத்தோடு சொன்னார். ஆனால் பல வீடுகளில் ஒரே போன்தான், அது படகில் போயிருக்கும். செய்தி வராதவருக்கு அன்று வேலை இல்லை. தவிர, சங்கு நின்றுபோனால் கால் மறந்துவிடுமா? வகுப்பில் ஒரு சோதனை செய்தேன். மதிய உணவு மணியைக் காலையில், பாடத்தின் நடுவே அடிக்கச் சொன்னேன். முன்கூட்டிப் பிள்ளைகளிடம் சொல்லியும் இருந்தேன். பாதி வகுப்பு தட்டோடு எழுந்தது.

இன்னும் சில ஒத்திகைகள் நடத்தலாம் என்றும் அவர் சொன்னார். ஒத்திகை ஆண்டுக்கு ஓரிரு முறை நடக்கும். வேலைக்குத் தினமும் ஓடுகிறோம்.

9. எனவே இந்தக் கோரிக்கை.

புதிய சங்கு ஆற்றுப் பாலத்து அளவுகருவியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. நீர் ஏறினால் யாரையும் கேட்காமல் தானாக ஊதும். மழைக்காலம் அடுத்த மாதம். சங்கு இல்லாவிட்டால் வெள்ளம் வரும்போது அக்கா வீட்டில் இருப்பார். கூரையில் ஏற ஒரு வாய்ப்பு உண்டு. சங்கு இருந்தால் கடைசிப் பலகையில் இருப்பார். அவருக்குப் பின்னால் தெரு முழுவதும்.

10. தங்கள் சங்கடமும் புரிகிறது. எச்சரிக்கையை நிறுத்தும் உத்தரவில் எந்த அதிகாரி கையெழுத்திடுவார்? நாளை ஏதாவது ஆனால் கேள்வி தங்களிடம்தான் வரும். தெருக் கூட்டத்திலும் இதே கேள்வி வந்தது. வலை வியாபாரி எழுந்து, "சங்கு இல்லாம செத்தா யாரு பதில் சொல்றது?" என்றார். அக்கா உட்கார்ந்தபடியே, "சங்கோட செத்தா மட்டும் யாருண்ணே சொல்லப்போறா?" என்றார். பிறகு வலை வியாபாரியே பேனாவைக் கேட்டு வாங்கினார்.

நிறுத்தியது எங்கள் வேண்டுகோளின்படி என்று தங்கள் கோப்பில் தாராளமாக எழுதிக்கொள்ளலாம். இணைப்பில் கையெழுத்துகள் உள்ளன. முதல் கையெழுத்து அக்காவுடையது.

11. கோருவன:

(அ) சங்கின் மின் இணைப்பையும் அளவுகருவி இணைப்பையும் மழைக்கு முன், உடனே துண்டிக்க வேண்டும்.

(ஆ) புதிய ஏற்பாடு வரும்வரை பாலத்து அளவுகருவியின் எச்சரிக்கை ஆட்டோக்காரர், டெய்லர், நான் ஆகிய மூவரின் போனுக்கு வர ஏற்பாடு செய்ய வேண்டும். மூவரும் பகலில் கரையில் இருப்பவர்கள். தெருவுக்குச் சொல்வதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

(இ) புதிய ஒலிபெருக்கியை ரயில் மேட்டில் வைக்க வேண்டும். சத்தம் வரும் பக்கம்தான் கால் போகிறது. அதில் சங்கு வேண்டாம், மணியும் வேண்டாம். மனிதக் குரல் போதும். "மேட்டுக்குப் போங்க" என்று சொல்லாமல் "மேட்டுக்கு வாங்க" என்று கூப்பிடும் குரல்.

இதைச் சென்ற ஞாயிறு நாங்களே செய்து பார்த்தோம். ஆட்டோவை மேட்டில் நிறுத்தி, யாரிடமும் சொல்லாமல், மைக்கை அக்காவிடம் கொடுத்தோம். "ஏய் டெய்லரு, மிஷினை விடு, மேல வா! வலைக்கடை அண்ணே, கல்லாவைப் பூட்டினது போதும், மேல வாங்க!" என்று வீடு வீடாகக் கூப்பிட்டார். "வர்றோம் வர்றோம், கத்தாத" என்று திட்டிக்கொண்டே வந்தார்கள். எல்லோரும் வரவில்லை. ஆனால் துறைப் பக்கம் ஒருவரும் போகவில்லை. அக்கா குரலைப் பதிவு செய்து தரத் தயாராக இருக்கிறார். ஒரே நிபந்தனை, பாடச் சொல்லக் கூடாதாம்.

(ஈ) அடுத்த ஒத்திகையில் மேட்டை அடைந்தவர்களை மட்டும் எண்ண வேண்டும்.

12. ஒன்றை மட்டும் சேர்த்துவிட்டு முடிக்கிறேன். நேற்று இம்மனுவுக்குத் தெருமுனையில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். மேலே எழுதியவை அனைத்தையும் ஒருமுறை உரக்கப் படித்துக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டி, வரிசையில் நின்றார்கள். அப்போது சங்கு ஊதியது. ஆலையின் சங்கா, தங்கள் சங்கா? நின்று யோசித்தவள் நான் ஒருத்திதான். யோசித்து முடித்தபோது வரிசை இல்லை. பேனாவும் போய்விட்டது. அது ஆலைச் சங்குதான். மீதிக் கையெழுத்துகளைத் தரம் பிரிக்கும் மேசையில் வாங்கினேன். கடைசித் தாளில் உள்ள ஈரக் கறைகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இணைப்பு துண்டிக்கப்பட்டதும் ஒரு வரி எழுதித் தெரிவித்தால் போதும். அந்த வரி வரும்வரை, தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்கப் பாலத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் நிற்கிறோம். இன்று என் முறை.

இடம்: ஆற்றுப் பாலம், கீழ்த்தெரு
நாள்: செப்டம்பர் 4

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
மனுதாரர், கீழ்த்தெருக் குடியிருப்போருக்காக

இணைப்பு: குடியிருப்போர் கையெழுத்துத் தாள்கள்.