வாய் திறக்காத ஆட்டம்

வியாழன், இரவு.

அந்த மனுஷனை நினைத்தாலே வயிறு எரிகிறது. மழை நாட்களில் வலைப்பந்துப் பயிற்சியின்போது, தகரக் கூரைச் சத்தத்தில் என் குரல் பிள்ளைகளுக்குக் கேட்பதில்லை. அதனால் பேசாமல், கண்ஜாடையிலேயே பந்தைக் கைமாற்றி ஆடப் பழக்கினேன். விளையாட்டுப் பொறுப்பாசிரியர் ஒரு மாதமாக அதைப் பைத்தியக்கார வேலை என்று கேலி செய்தார். நேற்று நாவுலையில் நடந்த போட்டியில் அந்த ஆட்டத்தால்தான் வென்றோம். இன்று என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பள்ளி அதிபரிடம் சொல்கிறார், “இது என்னோட ஐடியா சேர். மிஸ்ஸுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன்.”

அதிபர் ஆடிக் காட்டச் சொன்னார். அணித்தலைவி ரிஃப்கா பந்தை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

“மிஸ் சொன்னாத்தான் ஆடுவோம் சேர்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“யாரு யோசிச்சதுன்னு அவரு உண்மையச் சொல்லட்டும். பிறகு ஆடுவாங்க” என்றேன்.

அவர் சொல்லவில்லை. பிள்ளைகளும் ஆடவில்லை.

அதிபர் என்னிடம் மன்னிப்புக் கடிதம் கேட்டிருக்கிறார். தராவிட்டால் ரிஃப்காவை அணியிலிருந்து எடுத்துவிடுவாராம். அவளுக்காக எழுதத்தான் வேண்டும். மரியாதை இல்லாமல் பேசியதற்கு மன்னிப்புக் கேட்பேன். ஆனால் அந்த ஆட்டம் யாருடையது என்பதுதான் கடிதத்தின் முதல் வரி.