நின்ற இடத்திலேயே ஓடும் கார்

அன்புள்ள சின்னவளுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், உன் இருமல் விட்டிருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். முந்தின ஞாயிற்றுக்கிழமை நம் கார் ஷெட்டில் இருந்தவர்கள் அப்பா, நான், அக்கா, மாப்பிள்ளை, நாம் ஸ்பேனர் என்று கூப்பிடுகிற மெக்கானிக், காரை வாங்க வந்த போட்டோ ஸ்டுடியோக்காரர், அவர் மனைவி, ஆக ஏழு பேர். எட்டாவதாக நீ இருந்திருக்க வேண்டும், நீ லைசென்ஸ் வாங்கிய சந்தோஷத்தில் அப்பா வண்டியை உன் பேருக்கு மாற்றிவிட்டார் அல்லவா, உன் கையெழுத்து இல்லாமல் அது வாசலைத் தாண்டாது. நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். நடுவில் கவலையான சேதி ஒன்று வரும், பதறாமல் நிதானமாக உட்கார்ந்து படி. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் போன் இருக்கிற இடத்தில்தான் அப்பாவும் இருக்கிறார்.

வண்டியை விற்றுவிடலாம் என்று முதலில் சொன்னது அக்காதான், அவள் சொன்னதில் தப்பில்லை. மாடிப்படி ஏறி இறங்க அப்பா சிரமப்படுகிறார், ஷெட்டை அடைத்துக் கீழேயே குளியலறையோடு ஒரு ரூம் போட்டால் எங்கள் இருவருக்கும் சௌகரியம், கொத்தனாரும் வந்து அளந்து பார்த்துவிட்டுப் போனார். நீயும் போன மாதம் போனில் ஓட்டாத வண்டியை எதற்கு வைத்திருக்கிறீர்கள் என்றுதான் கேட்டாய். அப்பாவே வித்துடலாம் என்றதும் எல்லோருக்கும் ஆச்சரியம், எனக்கும்தான். மாப்பிள்ளை என் கணக்கு நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே சிரிப்பு. வண்டிக்கு வாங்கிய பெட்ரோல், பேட்டரி எல்லாவற்றையும் நான் பயணம் என்ற தலைப்பிலேயே எழுதி வந்திருக்கிறேன், அதைப் பார்த்து, "ரெண்டு வருஷமா எந்த ஊருக்கு அத்தை போயிட்டு வந்தீங்க, எங்களையும் கூட்டிட்டுப் போயிருக்கலாமே" என்கிறார். ஸ்பேனர் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்னைத்தான் பிடித்துக்கொண்டான். "வாராவாரம் நின்ன இடத்துலயே உறும விட்டு அணைச்சா வண்டிக்கு நல்லதுன்னு யாரும்மா சொன்னது? ஓட்டுங்க, இல்ல நிம்மதியாத் தூங்க விடுங்க. தூங்குறவனை எழுப்பி உட்கார வெச்சு, சரி போய்த் தூங்குன்னு சொல்ற கதையா இருக்கு" என்றான். அப்பா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், வாங்க வந்தவரிடம் வண்டியின் குறைகளை வரிசையாகச் சொல்ல ஆரம்பித்தார், பின் கதவு மழையில் ஒழுகும், இரண்டாவது கியர் மனசு வைத்தால்தான் விழும், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பினால் ஹார்ன் தானாக அலறும் என்று. மாப்பிள்ளை தலையில் கை வைத்துக்கொண்டு, "மாமா, நீங்க விக்கிறீங்களா, வந்தவரை விரட்டுறீங்களா" என்றார். ஸ்டுடியோக்காரர் நல்ல மனுஷர், சிரித்துக்கொண்டே, "ஓட்டப் போறதில்லீங்க ஐயா, முன்னாடி நிறுத்திக் கல்யாண ஜோடிங்களைப் படம் எடுக்கப் போறேன், ஆனாலும் இன்ஜின் சத்தத்தை ஒருதடவை கேட்டுக்கிறேன்" என்றார்.

இந்த இடத்தில் உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்பா பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் இருந்தவர், விடிந்ததிலிருந்து பொழுது அடைகிற வரை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற முகத்துக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தால் வாயைப் பூட்டிக்கொள்வார், அது உங்கள் எல்லோருக்கும் தெரிந்தது. உங்களுக்குத் தெரியாதது, ஸ்டியரிங்கைப் பிடித்தால் அந்தப் பூட்டு திறந்துகொள்ளும். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், பாதையைப் பார்த்தால் போதும் என்பதாலோ என்னவோ. அவருக்கு வர வேண்டிய பதவி வேறொருவருக்குப் போனதை நான் அந்த வண்டியில்தான் கேட்டேன். உன்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டுத் திரும்பும்போது வழிநெடுகப் பேசிக்கொண்டே வந்தார், என்ன பேசினார் என்று எழுதினால் நீ அங்கே உட்கார்ந்து அழுவாய், வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன்னால், முட்டி வலிக்கிறது, கிளட்ச் மிதிக்க முடியவில்லை என்று ரோட்டில் எடுப்பதை நிறுத்தினார், நாமும் பாட்டில் பாட்டிலாகத் தைலம் வாங்கித் தேய்த்தோம். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷெட் கதவை விரியத் திறந்து வைத்து இன்ஜினைப் போடுவார், நான் பக்கத்து சீட்டில் உட்காருவேன். பிரார்த்தனை சொல்லத்தான் அம்மா அங்கே போய் உட்காருகிறாள் என்று அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறாள். சாவி போடும் முன்னால் சொல்வதும் உண்மைதான், எங்கும் போகாத வண்டிக்கு வழித்துணை எதற்கு என்று நீ கேட்காதே. மீதி நேரமெல்லாம் அவர் பேசுவார், நான் கேட்பேன்.

அன்றைக்கும் அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்தார், பக்கத்தில் ஸ்டுடியோக்காரர். ஜோடிகள் உட்காரும் பின் சீட்டைப் பார்க்க வேண்டும் என்று அவர் மனைவி ஏறினாள், துணைக்கு நானும் ஏறினேன். அக்கா, மாப்பிள்ளை, ஸ்பேனர் மூன்று பேரும் தூக்கிய பானெட்டுக்கு அந்தப் பக்கம். முன் கண்ணாடி முழுக்க பானெட்டின் பச்சைத் தகடுதான் தெரிகிறது, ஆனாலும் அப்பா ஏதோ நெடுஞ்சாலையில் போகிறவர் மாதிரி நேரே பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் ஓடுகிற சத்தத்தில் ஸ்டுடியோக்காரர் பேச்சுவாக்கில், "இவ்வளவு ஆசையா வெச்சிருக்கீங்க, ஏன் ஐயா விக்கிறீங்க" என்று கேட்டார். அப்பா தலையைத் திருப்பவில்லை. "இடது கண்ணு போயிடுச்சு தம்பி. வலதும் ஓரத்துல கறுத்துக்கிட்டு வருது. முழுசா போறதுக்குள்ள இது யார் கைக்குப் போகுதுன்னு பார்த்துடணும். வீட்ல இன்னும் சொல்லல" என்றார். அந்தப் பெண் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் குனிந்து அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் நிமிர்ந்தபோது மேலே இருக்கிற சின்னக் கண்ணாடியில் அப்பாவின் முகம் தெரிந்தது, அப்படியென்றால் அவருக்கும் நான் தெரிந்திருப்பேன். நான் இருப்பது தெரிந்தேதான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஸ்டுடியோக்காரர், "வண்டி எங்கயும் போயிடாதுங்க, நானும் போயிட மாட்டேன், மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை வந்து கேட்டுக்கிறேன், எதுன்னாலும் சரி" என்று சொல்லி இறங்கினார். மத்தியானம் சாப்பாடு போடும்போது, நாளைக்குக் கண் டாக்டரிடம் போகிறோம் என்றேன். சரி என்றார், அவ்வளவுதான்.

டாக்டர் அம்மா பொறுமையாகப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றிருக்கிறதாம், வலியே தெரியாதாம், போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றிக்கொள்ளலாம், ஒரு வேளை தவறக் கூடாது என்றார். வீட்டில் நான் இருக்கும்போது எந்த வேளை தவறும், சொல். வாடகைக் காரில் போனோம், அதே மாதிரி நேரே பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார், போகும்போதும் பேச்சில்லை, வரும்போதும் பேச்சில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை நம் வண்டியில் உட்கார்ந்து இன்ஜினைப் போட்டதும், "டாக்டர் என்ன சொன்னாங்க தெரியுமா" என்று எனக்கே முதலிலிருந்து கதை சொல்கிறார், டாக்டர் ரூமில் பக்கத்து நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருந்தேன் என்பதையே மறந்துவிட்டு. டாக்டர் சொல்லாததையும் சொன்னார். "நேரா வந்து நின்னா உன் முகம் முழுசாத் தெரியுது, பக்கத்துல உட்கார்ந்தா காணோம். நீ உட்கார்ந்திருக்கிறது மட்டும் தெரியுது" என்றார். நான் உட்காருவது அந்தப் போன கண் பக்கம்தான்.

அதனால் உன்னிடம் மறைக்காமல் கேட்கிறேன். எனக்கு வண்டியை விற்க மனமில்லை. அப்பாவுக்காக என்று எழுதினால் அது பொய், அவர் மனதைத் தேற்றிக்கொண்டுவிட்டார், எனக்காகத்தான் கேட்கிறேன். அக்கா சொல்கிற ரூம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, இனிமேல் கீழே இருந்தே ஆக வேண்டும். கட்டிலை ஹாலுக்கு இறக்கிவிடலாம், படிக்குக் கீழே பழைய சாமான் அடைந்து கிடக்கிற இடத்தில் சின்னதாகக் குளியலறை போடலாம், கயிறு பிடித்து நானே அளந்து பார்த்துவிட்டேன், கதவு வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி வைத்தால் போதும். யாராவது வந்தால் ஹாலில் உட்கார இடமிருக்காது, வருகிறவர்கள் காரில் உட்காரட்டும். ஸ்பேனரும் மாதத்துக்கு ஒருமுறை ரோட்டில் ஓட்டிக் கொடுக்கிறேன், அது துருப்பிடித்துச் சாகாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். ஆனால் வண்டி உன்னுடையது. இத்தனை செலவு வைக்கிற இரும்பைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால் அதையும் நேராகவே எழுது, நான் வருத்தப்பட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டேன். விற்பதானால் இதோடு வைத்திருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு, வேண்டாமென்றால் தாளை நீயே வைத்துக்கொள்.

வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப் போடாதே, குளிர்ச் சட்டையை யாருக்காவது இரவல் கொடுத்துவிட்டு நடுங்கிக்கொண்டு நிற்காதே, படுக்கும் முன் இரண்டு நிமிஷமாவது கடவுளை நினை. மறக்காமல் உன் கண்ணைக் காட்டு, இது அப்பாவிடமிருந்து பிள்ளைகளுக்கு வருமாம், டாக்டர் அம்மா சொல்லி அனுப்பினார், அக்கா போய்ப் பார்த்துவிட்டாள், அவளுக்கு ஒன்றுமில்லை. உனக்கும் ஒன்றும் இருக்காது, இருந்தாலும் போய்ப் பார். எங்கிருந்தாலும் நீ நல்லபடியாக இருக்க வேண்டும், உன் கண்ணும் கையும் காலும் கடைசிவரை உனக்குத் துணையாக இருக்க வேண்டும்.

பதிலைப் போனில் சொல்லாதே, கடிதமாகவே போடு. அப்பா இப்போது ஒரு வரி படித்தால் அடுத்த வரி எங்கே ஆரம்பிக்கிறது என்று தேடுகிறார், அதனால் வண்டியில் உட்கார்ந்து இன்ஜினைப் போட்டுக்கொண்டு நான்தான் அவருக்குப் படித்துக் காட்டப் போகிறேன். நான் கேட்டேன் என்று அதில் எழுதிவிடாதே. விற்பதோ வைப்பதோ, கொஞ்சம் நீளமாக எழுது, கேட்டுவிட்டு அவர் பேச நிறைய இருக்கட்டும். மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் எனக்குக் கிடைக்க வேண்டும். சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா