பயணிகள் பட்டியலில் ஒரு கட்டைவிரல்

ஜூன் 7, வெள்ளி

நாளை தீவுகளைச் சுற்றிக்காட்டும் படகில் போகிறோம். நான், மனைவி, மகன். ஏறும் முன் ஒவ்வொருவரும் பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டுமாம். முதியோர் எழுத்தறிவு வகுப்புக்கு வெளியே நான் போடப்போகும் முதல் கையெழுத்து. இன்று நாற்பது முறை போட்டுப் பார்த்தேன். முப்பத்தெட்டு நன்றாக வந்தன.

ஜூன் 8, சனி

கோபம். இன்னொரு முறை எழுதுகிறேன். கோபம்.

படகுத்துறையில் பட்டியலை நீட்டினார்கள். நான் பேனாவைத் திறந்துகொண்டிருந்தேன். மகன் பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தான்.

"அப்பா, விரலைக் குடுங்க. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

பதினொரு மாதமாக என்னை வகுப்பு வாசலில் இறக்கிவிடுகிறவனே அவன்தான். அங்கே நான் என்ன, சீட்டாடவா போகிறேன்? அதைவிடக் கொடுமை என் இடது கட்டைவிரல். ஐம்பது வருடப் பழக்கம் — தானாக நீண்டது. ஒற்றியும்விட்டது.

கடலில் மழை, மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றுமில்லை. ஏழு தீவுகளைப் பற்றி அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். அவன் காதில் விழட்டும் என்று எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன். இடது பக்கம் ஆமைப் பாறை.

"நீங்க படிக்கிறதுக்குள்ள அது தாண்டிப் போயிடுச்சுப்பா."

"கண்ணுக்கே தெரியாத தீவு போனா என்ன, நின்னா என்னடா?"

படகுக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. ஏழையும் படித்து முடித்தேன்.

ஜூன் 9

விரலில் மை போகவில்லை. மூன்று முறை சோப்புப் போட்டாயிற்று. மனைவி சொல்கிறாள், "பெத்த பிள்ளையைத் திட்டுங்க, விரல் என்ன பண்ணும்?" இரண்டையும்தான் திட்டுகிறேன்.

ஜூன் 11

அவனோடு பேசவில்லை.

ஜூன் 14

"எதுக்குப்பா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கீங்க? மழை பெஞ்சதுக்கு நான் என்ன பண்ணுவேன்?"

மழையாம். மழை!

இந்த நோட்டில் எட்டாம் தேதிப் பக்கத்தை விரித்து அவன் முன் வைத்தேன். நின்றுகொண்டே படித்தான். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தான்.

ஜூன் 22, சனி

அதே படகு. மகன் பட்டியலை வாங்கி முதலில் என்னிடம் நீட்டினான். இடது கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டேன். அதை நம்ப முடியாது.

"நிதானமாப் போடுங்கப்பா" என்றான். பின்னால் முணுமுணுத்தவரிடம் திரும்பி, "கொஞ்சம் பொறுங்க, அப்பா எழுதறாரு" என்றான்.

கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிப் போனது. போகட்டும்.

இன்றும் மழை. ஒரு தீவும் தெரியவில்லை. நல்ல பயணம்.